கிராமத்து முனையில் யார் இருக்கிறார்கள்?

அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்தியா வந்தபோது தொடங்கிவைத்தவற்றில் ஒன்று, ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்து அரகொண்டாவில் அமைந்த தொலைமருத்துவ மையம். அப்போலோ மருத்துவமனைகளை நிறுவிய பிரதாப் சி. ரெட்டி பிறந்த ஊர் அது. மறு ஆண்டு இஸ்ரோ தன் செயற்கைக்கோள் இணைப்பைக் கொடுத்து அந்த ஊர் மருத்துவமனையைச் சென்னை அப்போலோவுடன் சேர்த்தது. அரசு நிறுவனமும் தனியார் மருத்துவமனையும் கைகோத்து, கிராமத்து நோயாளியை நகரத்துச் சிறப்பு மருத்துவரின் கண்முன் நிறுத்திய முதல் முயற்சிகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது.

படம் தெளிவாகப் போய்ச் சேருமா, குரல் விட்டுவிட்டுக் கேட்குமா என்பவைதான் அன்றைய கவலைகள். அவை இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. கடைக்கோடிச் சிற்றூரிலும் யாரோ ஒருவர் கையில் காணொலி பேசும் செல்பேசி இருக்கிறது. இப்போது கேட்க வேண்டியவை வேறு. மருத்துவர் திரையில் சொன்னதைச் செய்து முடிக்க நோயாளியின் பக்கத்தில் யார் இருக்கிறார்? அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? எழுதிக்கொடுத்த மாத்திரை அந்த ஊரிலேயே கிடைக்கிறதா? மேல் சிகிச்சைக்கு அனுப்பினால் எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் செலவில்? கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் நாட்டில் நடந்த முயற்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, நிலைத்தவையும் நின்றுபோனவையும் பிரியும் இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கிராமத்து முனையில் ஆளும் மருந்தும் இருந்த திட்டங்கள் பிழைத்தன. கருவியை மட்டும் இறக்கிவைத்துவிட்டுப் போன திட்டங்கள் படுத்துவிட்டன.

தனியாரை ஏன் சேர்க்க வேண்டும் என்ற கேள்வியை முதலில் பார்த்துவிடலாம். ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் அளித்த அறிக்கைதான் இந்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வித்து. பின்னாளில் வகுத்த அளவுப்படி, சமவெளியில் 30,000 பேருக்கும் மலை, பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும். அதற்குக் கீழே 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் வேண்டும். கட்டடங்கள் எழும்பின. செவிலியர்கள் வந்தார்கள். தமிழ்நாடு, கேரளம் போன்ற மாநிலங்களில் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களும் வந்துவிட்டார்கள். வராதவர் சிறப்பு மருத்துவர். ஊரகச் சமுதாய சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் அறுவை சிகிச்சை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம் ஆகிய துறைகளுக்கு ஆள் இருக்க வேண்டும் என்பது விதி. 2021–22ஆம் ஆண்டின் மத்திய அரசுப் புள்ளிவிவரம், நாடு முழுவதும் தேவையில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பற்றாக்குறை என்கிறது. பிள்ளைகளின் பள்ளி, துணைவரின் வேலை, மயக்க மருத்துவர் இல்லாத அறுவை அரங்கு என்று அவர்கள் வராததற்குக் காரணங்கள் உண்டு. அவை எல்லாம் தீர்ந்து இவர்கள் கிராமத்துக்கு வரும்வரை நோய் காத்திருக்காது. சிறப்பு மருத்துவர்களில் பெரும்பகுதியினர் நகரத்துத் தனியார் மருத்துவமனைகளில் இருக்கிறார்கள்; அவர்களுடைய நேரத்தில் ஒரு பங்கைப் பொதுப் பணத்தால் கிராமத்துக்கு வாங்கித் தருவதுதான் இந்தக் கூட்டின் நியாயம். அதற்கு மேல் இதில் கொள்கைச் சண்டை எதுவும் வேண்டியதில்லை.

நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் நியாயம் இன்னும் கூடும். மருத்துவத்துக்காக மக்கள் சொந்தப் பையிலிருந்து செலவழிக்கும் பங்கு 2013–14இல் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதமாக இருந்து 2021–22இல் 39.4 சதவீதமாக இறங்கியிருப்பதாகத் தேசியக் கணக்குகள் சொல்கின்றன. நல்ல இறக்கம்தான். ஆனால் இழந்த கூலி அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. மாவட்டத் தலைநகர் ஜி.எச்.சுக்குப் போகும் விவசாயக் கூலி முதல் பஸ்ஸைப் பிடித்து, ஓ.பி. சீட்டு வாங்கி, ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டுக்கு உட்கார்ந்திருந்து, மருத்துவர் முன்னால் நிற்கும்போது உச்சி வெயில் ஏறிவிடும். அன்றைய கூலி அவருக்கும் போயிற்று, துணைக்கு வந்த மகளுக்கும் போயிற்று. அடுத்த மாதம் மறுபடி வரச் சொன்னால் அவர் வரமாட்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நாள்பட்ட நோய்கள் உயிரைக் குடிப்பது இந்த ‘வராத அடுத்த மாத’த்தில்தான்.

வானத்திலிருந்து வந்த இணைப்பு

இஸ்ரோவின் பங்கை மரியாதையோடு சொல்லியாக வேண்டும். அரகொண்டாவைத் தொடர்ந்து 2002இல் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையும் மைசூர் மாவட்டத்துச் சரகூரில் பழங்குடியினருக்காக இயங்கிய விவேகானந்தா நினைவு மருத்துவமனையும் பெங்களூரின் நாராயணா ஹிருதயாலயாவோடு இணைந்தன. போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குச் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி கிடைத்தது. 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானை அடித்தபோது அந்த இணைப்பு கைகொடுத்தது. 2003 முதல் சங்கர நேத்ராலயாவின் பேருந்து, கூரையில் செயற்கைக்கோள் தட்டோடு கிராமம் கிராமமாகப் போய்க் கண் பரிசோதனை செய்தது. போகப்போக முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இஸ்ரோவின் வலைக்குள் வந்தன.

அவற்றில் பல நாளடைவில் பயன்பாடு குன்றிப் போயின. தொழில்நுட்பம் தோற்றது என்று இதைச் சொல்ல மாட்டேன். கருவி ஒருவருடையது, அது நின்ற அறை மாநில அரசுடையது, பார்க்கும் மருத்துவர் தனியார் அறக்கட்டளையின் ஆள். மூவருக்கும் நல்ல மனசு இருந்தது. அது யாருடைய அன்றாட வேலையாகவும் இல்லை. பயிற்சி பெற்ற டெக்னீஷியன் மாற்றலாகிப் போனால் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. யு.பி.எஸ். பேட்டரி போனால் மாற்றப் பணம் எந்தத் தலைப்பில் என்று தெரியாது. நகரத்து மருத்துவருக்கு வார்டு, அறுவை அரங்கு எல்லாம் போக மிஞ்சிய நேரத்தில்தான் இது. நோயாளியைத் திரைமுன் உட்காரவைத்துவிட்டு எதிர்முனையில் ஆள் வருவதற்காகக் காத்திருந்த செவிலியர், நாலைந்து தடவைக்குப் பிறகு நேராக ஜி.எச்.சுக்கே சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். அவர் செய்வது சரிதான்.

தேனியின் பார்வை மையங்கள்

இதற்கு நேர்மாறான பாடம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இலவச முகாம்களுக்குப் பெயர் பெற்றது. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, கண்புரை உள்ளவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், அறுவை செய்து திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நாடே அதைப் பாராட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1990களின் கடைசியில், ஆய்வாளர்கள் கிராமங்களுக்குள் போய்க் கணக்கெடுத்தார்கள். கண்ணில் கோளாறு உள்ளவர்களில் அப்படிப்பட்ட முகாம்களுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். மீதிப் பேர் ஏன் வரவில்லை? வீட்டில் ஆளில்லை, அன்றைக்கு அறுவடை, பயம், ‘இன்னும் கொஞ்சம் தெரிகிறதே’ என்ற நினைப்பு. ஒரு நாள் வந்து போகும் முகாம் இந்தக் காரணங்களுக்காகக் காத்திருக்காது.

அதிலிருந்து பிறந்தவைதான் 2004 முதல் தோன்றிய பார்வை மையங்கள். தேனி அரவிந்த் மருத்துவமனையோடு இணைந்த சிற்றூர் மையங்களுக்கு அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு நெடுந்தொலைவு வைஃபை இணைப்பு போட்டுக் கொடுத்தது. சாதாரண வைஃபை பெட்டியையே உயரக் கம்பத்தில் ஏற்றி, திசை பார்த்துத் திருப்பி, பல கிலோமீட்டர் தாண்டிப் படம் பாயவைத்தார்கள். இஸ்ரோவின் தட்டுக்கு ஆகும் செலவில் மிகச் சிறிய பங்குதான் அது. ஆனால் நான் அங்கே கவனித்துப் பார்க்க விரும்புவது கம்பத்துக்குக் கீழே நடக்கும் வேலையை.

கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்த இரண்டு மூன்று அறைகள்தான் மையம். ஏறத்தாழ 50,000 பேர் வாழும் சுற்று வட்டாரத்துக்கு ஒன்று. உள்ளே இருப்பவர் பெரும்பாலும் கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்து வந்து, அரவிந்திலேயே இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற இளம்பெண். நோயாளியின் பெயரைப் பதிந்து, தூரத்து எழுத்தைப் படிக்கச் சொல்லி, முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி ஸ்லிட் லேம்ப்பில் கண்ணின் முன்பகுதியைப் பார்க்கிறார். கண் அழுத்தத்தை அளக்கிறார். எல்லாம் கணினியில் ஏறுகிறது. அதன் பிறகுதான் திரையில் மருத்துவர் வருகிறார். அவர் ஒன்றிரண்டு கேள்வி கேட்டு முடிவைச் சொல்கிறார். கண்ணாடி என்றால் பவர் பார்த்து அங்கேயே ஆர்டர். சொட்டு மருந்து என்றால் அங்கேயே கிடைக்கும். அறுவை என்றால் எந்தத் தேதி, எந்த ஆஸ்பத்திரி என்று சீட்டு. வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காரியம் அந்த அறைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இன்று இப்படி இயங்குகின்றன.

பரிசோதனை முழுவதையும் செய்தவர் அந்தப் பெண். மருத்துவரின் சில நிமிடங்கள் அவருடைய உழைப்பின் மேல் நிற்கின்றன. மருத்துவரும் இதற்கென்றே நேரம் ஒதுக்கி உட்கார்ந்திருக்கிறார், காத்திருக்க வைப்பதில்லை. அரசுக்கும் இதில் இடம் உண்டு. பார்வையிழப்புத் தடுப்புத் தேசியத் திட்டத்தின் கீழ், ஏழைகளுக்குச் செய்யும் கண்புரை அறுவைக்கு இத்தனை ரூபாய் என்று தொண்டு நிறுவனங்களுக்கு அரசு தருகிறது. செய்து முடித்த வேலைக்குக் கணக்குப் பார்த்துத் தரும் பணம் அது. 2007இல் திரிபுரா அரசு இதே அமைப்பைத் தன் 40 வட்டாரங்களுக்கும் எடுத்துக்கொண்டது. பயிற்சியை அரவிந்த் தந்தது, மையங்கள் அகர்தலா அரசு மருத்துவமனையோடு இணைந்தன. மதுரையில் உருவான முறை, அரசு நடத்தினாலும் ஓடும் என்பதற்கு அது சான்று.

குறைமாதக் குழந்தையின் விழித்திரை

கர்நாடகத்தில் நடந்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நேரம் கழிந்தால் திருத்தவே முடியாது. எட்டாம் மாதத்திலோ அதற்கு முன்போ பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரையின் ரத்த நாளங்கள் முழுமையாக வளர்ந்திருக்காது. சிலருக்கு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடும். பிறந்து 30 நாட்களுக்குள் கண்ணைப் பார்த்தாக வேண்டும் என்பது இந்திய நெறிமுறை. உரிய வாரத்தில் லேசர் வைத்தால் பார்வை நிற்கும். தவறவிட்டால் வாழ்நாள் இருட்டு. மாவட்ட மருத்துவமனைகளில் பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகப் பெருக, முன்பு பிழைக்காத குழந்தைகள் பிழைத்தார்கள். அவர்களுடைய கண்ணைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர்கள் நகரங்களில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள்.

பெங்களூர் நாராயணா நேத்ராலயாவின் டாக்டர் ஆனந்த் வினேகர் 2008இல் தொடங்கிய ‘கிட்ராப்’ திட்டம், அடுத்த ஆண்டு தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. விழித்திரையை அகலமாகப் படமெடுக்கும் கேமராவை வேனில் ஏற்றிக்கொண்டு, மருத்துவர் அல்லாத டெக்னீஷியன்கள் மாவட்டம் மாவட்டமாக, குறித்த நாளில் குறித்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கைக்குள் அடங்கும் குழந்தையின் இமையைச் சிறு கருவியால் விலக்கிப் பிடித்து, கேமரா முனையைக் கருவிழியின் மேல் மெதுவாக வைத்துப் படமெடுப்பது எளிய வேலை இல்லை. படத்தைப் பார்த்து முதல் முடிவையும் டெக்னீஷியனே எடுக்கிறார்: சிவப்பு என்றால் உடனே சிகிச்சை, ஆரஞ்சு என்றால் மறுபடி பார்க்க வேண்டும், பச்சை என்றால் போகலாம். பெங்களூரில் இருக்கும் நிபுணர் செல்பேசியிலேயே படத்தைத் திறந்து அந்த முடிவை உறுதி செய்கிறார் அல்லது திருத்துகிறார். தாயின் மடியில் குழந்தை இருக்கும்போதே அறிக்கை கையில் வருகிறது. லேசர் வேண்டுமென்றால் குழந்தையைப் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடவைக்காமல், மருத்துவர் அங்கே போகிறார்.

பிரசவித்துச் சில வாரமே ஆன ஒரு தாய், எடை குறைந்த குழந்தையைச் சுமந்துகொண்டு முந்நூறு நானூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும் என்று எதிர்பார்க்கும் எந்தத் திட்டமும் திட்டமே இல்லை என்பதை இவர்கள் உணர்ந்திருந்தார்கள். விலையுயர்ந்த கேமராவும் நிபுணரின் கண்ணும் தனியாருடையவை. குழந்தைகள் இருக்கும் வார்டு, செவிலியர், நிதி ஆகியவை அரசுடையவை. இரண்டையும் தைத்தது அந்த டெக்னீஷியனின் கை.

நெஞ்சுவலிக்கு ஒரு வலை

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் வந்தது. ஐதராபாத்தில் 2005இல் உருவான அவசர சேவை நிறுவனம் அதை நடத்துகிறது, செலவு அரசுடையது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இன்று மாநிலமெங்கும் ஓடுகின்றன. இந்த வண்டியையும், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டையும், ஈசிஜியைக் கம்பியில்லாமல் அனுப்பும் சிறு கருவியையும் ஒன்றாகக் கோத்தால் மாரடைப்பு மரணங்களைக் குறைக்க முடியுமா என்று 2012 முதல் 2014 வரை ஒரு சோதனை இங்கே நடந்தது. கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை டாக்டர் அஜித் முள்ளசாரி ஆகிய இதய மருத்துவர்கள் இதை முன்னின்று நடத்தினார்கள். மாநிலத்தில் நான்கு இடங்களில், ஆஞ்சியோபிளாஸ்டி செய்யக்கூடிய அரசு அல்லது தனியார் பெரிய மருத்துவமனையை நடுவில் வைத்து, சுற்றியுள்ள சிறிய ஆஸ்பத்திரிகளை அதனோடு இணைத்தார்கள்.

மாரடைப்பில் எல்லாம் மணிக்கணக்கு. தாலுகா ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு ஈசிஜி எடுத்து அனுப்புகிறார்கள். நடு மருத்துவமனையின் இதய மருத்துவர் பார்த்துச் சொன்னதும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போடுகிறார்கள். பிறகு 108 வண்டி அவரை மேல் சிகிச்சைக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஆகும் செலவைக் காப்பீடு ஏற்கிறது. தனியார் மருத்துவமனை என்பதால் நோயாளி வாசலில் தயங்கி நிற்க வேண்டியதில்லை. 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்த இந்த ஆய்வு 2017இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வெளிவந்தது. இந்த ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6, ஏற்பாட்டுக்குப் பின் 14.2. நூறு பேரில் கூடுதலாக மூன்று நான்கு குடும்பங்களில் அப்பா உயிரோடு இருந்தார். பெரிய புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்காமல், இருக்கும் துண்டுகளை ஒட்டவைத்ததில் வந்த பலன் இது. ஊசி போட்ட கை தாலுகா ஆஸ்பத்திரியின் கை என்பதை இங்கேயும் கவனிக்க வேண்டும்.

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவரை, திட்டத்தில் சேர்ந்த அருகிலுள்ள மருத்துவமனை, அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், முதல் 48 மணி நேரம் குறித்த தொகை வரம்புக்குள் கட்டணமின்றிப் பார்க்கிறது. தனியார் கதவை அரசுப் பணத்தால் திறக்கும் அதே வழிதான் இது.

பனிமலையும் புதுக்கோட்டையும்

இமாசலப் பிரதேசத்தின் லாஹவுல்–ஸ்பிதி மாவட்டத்தில் காசாவும் கேலாங்கும் கடல் மட்டத்துக்கு மூவாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கின்றன. குளிர்காலத்தில் பனி விழுந்தால் மாதக்கணக்கில் பாதை அடைபடும். 2015இல் மாநில அரசு அப்போலோ டெலிஹெல்த்தோடு ஒப்பந்தம் போட்டு அங்கே தொலைமருத்துவ மையங்களை அமைத்தது. பயிற்சி பெற்ற செவிலியரும் ஆய்வக வசதியும் அங்கே. அவசர மருத்துவர் சென்னையில். பாதை மூடிய இரவில் மூச்சுத் திணறி வந்தவரை ஹெலிகாப்டர் வரும்வரை தாங்கிப் பிடிக்கத் திரைக்கு அப்பால் ஒருவர் வழிகாட்டுவது பெரிய துணை. பின்னர் 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்தது, ரோத்தாங் கணவாயைச் சுற்றாமலேயே கேலாங்கை அடைய முடிந்தது. சாலை போட்டுத் தீர்க்க வேண்டியதைத் திரை போட்டுத் தீர்த்துவிட முடியாது; இரண்டும் வேண்டும்.

மனநோய் இந்த முறைக்கு இயல்பாகப் பொருந்தும் துறை. தொட்டுப் பார்க்க வேண்டியது குறைவு, பேச வேண்டியது அதிகம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் உருவாக்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓட்டியது. ஊர் நடுவில் பேருந்து நிற்கும். வெளியே திரையில் மனநோய் பற்றிய படம் ஓடும். உள்ளே ஏறிய நோயாளியும் குடும்பத்தாரும் சென்னையிலிருக்கும் மனநல மருத்துவரோடு பேசுவார்கள். பேசி இறங்கும்போது மாத்திரை கையில் இருக்கும், ஏனென்றால் மருந்தகம் பேருந்துக்குள்ளேயே இருந்தது. இதைவிட முக்கியமானவர்கள், அந்தந்த ஊரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட களப்பணியாளர்கள். பூட்டிய அறைக்குள் வைக்கப்பட்டிருந்தவரை வெளியே கொண்டுவரச் சொல்லி வீட்டாரிடம் பேசியதும், மாத்திரை நிறுத்திவிட்டாரா என்று அடுத்த வாரம் போய்ப் பார்த்ததும் அவர்கள்தான். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 நல்ல வாசல். அந்த வாசலுக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பவர் யார் என்பதைப் புதுக்கோட்டை அனுபவம் கேட்கிறது.

எண்ணிக்கையின் காலம்

கொரோனா எல்லாவற்றையும் முடுக்கிவிட்டது. அதற்கு முன், தொலைபேசியில் மருந்து சொல்வது சட்டப்படி சரியா என்ற அச்சம் மருத்துவர்களிடம் இருந்தது; 2018இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அளித்த உத்தரவு அந்த அச்சத்தைக் கூட்டியது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் அதைத் தீர்த்தன. எந்த மருந்தைக் குரலில் கேட்டே எழுதலாம், எதற்குக் காணொலி வேண்டும், போதை தரும் மருந்துகளில் எவற்றை எழுதவே கூடாது என்று வரையறுத்தன. நோயாளியின் பக்கத்தில் சுகாதாரப் பணியாளர் இருந்து பேசும் முறையைத் தனியாகவே அங்கீகரித்தன.

மொஹாலியின் சி-டாக் உருவாக்கிய ‘இ-சஞ்சீவனி’ என்னும் மத்திய அரசுத் தொலைமருத்துவச் சேவை 2019 நவம்பரில் தொடங்கியிருந்தது. 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே மருத்துவரைப் பார்க்கும் வசதியும் சேர்ந்தது. 2023 பிப்ரவரியில் அது பத்துக் கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. அப்போது 1,15,000க்கும் மேற்பட்ட நல்வாழ்வு மையங்கள் ஒரு முனையாகவும், 15,700 அளவில் மருத்துவர் மையங்கள் மறு முனையாகவும் இருந்தன. ஆந்திரம் 3 கோடிக்கும் மேல் கொடுத்து முதலிடத்தில் நின்றது; தமிழ்நாடு 1.23 கோடியோடு அடுத்து வந்தது. ஆலோசனை பெற்றவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். வீட்டு வேலையை விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க வெளியே போக முடியாதவர்கள் பக்கத்து மையத்துக்காவது வர முடிந்தது என்று இதைப் படிக்கலாம்.

இந்தப் பெரிய எண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் இதை மட்டும் வைத்து ஒப்பந்தம் போடுவது ஆபத்து. ஓர் அழைப்புக்கு இவ்வளவு ரூபாய் என்று தனியாருக்குப் பேசினால் அழைப்புகள்தான் பெருகும். தினம் இத்தனை ஆலோசனை காட்ட வேண்டும் என்று செவிலியரை நெருக்கினால், அவர் தலைவலிக்கு வந்தவரையும் திரைமுன் உட்காரவைப்பார். ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்கள் எத்தனை பேர், அறுவைக்கு அனுப்பியவர்களில் உண்மையில் அறுவை முடிந்தவர்கள் எத்தனை பேர், ஆரஞ்சு என்று குறித்த குழந்தைகளில் மறுபடி பார்க்கப்பட்டவை எத்தனை என்பவைதான் பணம் கொடுக்கத் தகுந்த கணக்குகள். மேலே சொன்ன நல்ல முயற்சிகள் எல்லாமே இப்படிப்பட்ட ஒன்றைத்தான் எண்ணின.

தனியார் கூட்டாளி கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் 108 ஒரு பாடம். அதை உருவாக்கியவர் சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு. 2009 ஜனவரியில் சத்யத்தின் கணக்கு மோசடி வெளியானபோது, அவருடைய ஆதரவில் இருந்த ஆம்புலன்ஸ் சேவையும் நின்றுபோகும் என்றே பலர் அஞ்சினார்கள். வண்டிகள் நிற்கவில்லை. நடத்தும் செலவின் பெரும்பங்கை அதற்குள் மாநில அரசுகளே ஏற்றிருந்தன, நிர்வாகத்தை ஜி.வி.கே. குழுமம் எடுத்துக்கொண்டது. கல்லாவும் அழைப்பு எண்ணும் அரசிடம் இருந்தால் கூட்டாளி மாறலாம், சேவை மாறாது.

நோயாளியின் பதிவேடும் அப்படித்தான் அரசிடம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து தனியார் வெளியேறும்போது பத்தாண்டுச் சர்க்கரைக் கணக்கும் ஈசிஜிகளும் அவருடைய கணினியோடு போய்விட்டால், அடுத்து வருபவர் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 2023இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் இன்றித் தரவைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடும் மூதாட்டிக்கு எதற்கு ஒப்புகிறோம் என்று எடுத்துச் சொல்பவர் அந்தச் செவிலியர்தான். இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. கிராமத்து மையத்தைத் தன் மருத்துவமனைக்கு ஆள் பிடிக்கும் இடமாக மாற்றிக்கொள்ளும் ஆசை எந்தத் தனியாருக்கும் வரலாம். ஆகவே மேல் சிகிச்சைக்கு அனுப்பும்போது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பெயரும், காப்பீட்டில் சேர்ந்த எல்லா மருத்துவமனைகளின் பெயரும் நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டும். எங்கே போவது என்பதை அவரே சொல்ல வேண்டும். எத்தனை பேர் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்ற பட்டியலை மாதந்தோறும் பொதுவில் வைத்தால் இதைக் கண்காணிப்பது கடினமல்ல.

மருந்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. 1994இல் உருவான மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, கிடங்குகள் வழியாக ஆரம்ப சுகாதார நிலையம்வரை இலவசமாகக் கொண்டுசேர்க்கிறது. திரையில் வரும் தனியார் மருத்துவர் அந்தப் பட்டியலுக்குள் எழுத ஒப்புக்கொண்டால் போதும். நோயாளி மெடிக்கல் ஷாப்பில் கடன் சொல்ல வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இன்னும் ஒரு படி போய், பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. கொண்டுபோகிறவர் அந்த ஊர்ப் பெண் தன்னார்வலர். எந்த வீட்டில் யாருக்குக் கால் புண் ஆறவில்லை, யார் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறார் என்று அவருக்குத் தெரியும். சிறப்பு மருத்துவரின் திரையை இந்தப் பெண்ணின் கையில் கொடுத்தால், நாட்டில் வேறெங்கும் இல்லாத ஒரு வலை நம்மிடம் உருவாகும்.

அதற்கு முன் ஒன்றைச் சரிசெய்தாக வேண்டும். அவருக்கு இன்று கிடைப்பது ஊக்கத்தொகை. முறையான ஊதியம் இல்லை. அரவிந்தின் டெக்னீஷியனுக்கு இரண்டாண்டுப் பயிற்சியும் மாதச் சம்பளமும் உண்டு. கிட்ராப் டெக்னீஷியனுக்கும் அது வேலை. கோடிக்கணக்கில் மென்பொருளுக்கும் மருத்துவர் நேரத்துக்கும் விலை பேசும் ஒப்பந்தங்களில் கிராமத்து முனையில் நிற்பவர் மட்டும் சேவை மனப்பான்மையின் கணக்கில் எழுதப்படுகிறார். தொலைமருத்துவத்துக்கு அரசு இனிப் போடும் எந்த டெண்டரிலும் அவருடைய சம்பளம், ஆண்டுதோறும் பயிற்சி, பயணப்படி, பேறுகால விடுப்பு ஆகியவற்றுக்குத் தனி வரியும் தனித் தொகையும் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தைச் சுகாதாரத் துறை திருப்பி அனுப்ப வேண்டும்.